வழி தெரிந்த பூனை

போன மாதம் குமுளியிலிருந்து இரண்டு பெண்பிள்ளைகள் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். கடைத்தெருவில் கேட்பாரில்லாமல் திரியும் பூனைகளைப் பிடித்து, வைத்தியம் பார்த்து, மேற்கொண்டு குட்டி போடாதபடி ஆபரேஷனும் செய்து, கேட்கிற வீடுகளுக்குக் கொடுக்கிறார்களாம். அதற்குச் சம்பளம் கிம்பளம் ஒன்றும் கிடையாது. மருமகள் ஒரு பூனை கேட்டிருந்தாள். கொடுப்பதற்கு முன்னால் வீட்டைப் பார்க்க வேண்டும் என்று வந்து, அடுப்படி, தண்ணீர்த்தொட்டி எல்லாம் சுற்றிப் பார்த்தார்கள். "அம்மச்சி, இவிடே நாய் உண்டோ?" என்று மலையாளத்தில் என்னிடமும் கேட்டார்கள். என் மகனுக்குப் பொறுக்கவில்லை. "பூனை குடுக்க வந்தாகளா, பொண்ணு குடுக்க வந்தாகளா?" என்று முணுமுணுத்தான்.

நான் சிரித்தேன். இதெல்லாம் எங்கள் வீட்டில் என் சின்ன வயதிலேயே நடந்தது. இதைச் சொல்ல எனக்குப் பெருமைதான். நான் பள்ளிக்கூடம் போனது இரண்டு மழைக்காலம். ஆனால் பார்த்தது எதையும் மறந்தவள் இல்லை.

அப்போது நாங்கள் மலைமேல் ஆனைக்கரையில், ஒரு முதலாளி தன் ஏலத்தோட்டத்து ஆட்களுக்குக் கட்டி விட்டிருந்த லயத்தில் இருந்தோம். அப்பாவுக்கு ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் அடுப்புக்கு விறகு தள்ளுகிற வேலை. சூடு இருக்கிற இடத்தைப் பூனை எப்படியோ கண்டுபிடித்துவிடும். காட்டோரத்தில் திரிகிற பூனைகளெல்லாம் ஸ்டோருக்குப் பின்னால் இருந்த விறகு அடுக்குக்குள் வந்துதான் குட்டி போடும். மனிதர் பக்கத்தில் போனால் தாயும் சீறும், குட்டியும் சீறும்.

எங்கள் அத்தைக்கு மட்டும் அவை பணிந்தன. அத்தை என்றால் அப்பாவின் தங்கை. களை எடுத்துவிட்டு வந்த கையோடு, கருவாட்டுத் தண்ணீரில் பிசைந்த சோற்றை விறகுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வாள். திரும்பிப் பார்க்கவே மாட்டாள். நாள்போக்கில் குட்டிகள் தாமாக வந்து அவள் சேலை முந்தானையை இழுக்கும். அப்புறம்தான் தொடுவாள்.

குட்டிகளுக்கு நல்ல கிராக்கி இருந்தது, ஏலக்காய் மூட்டையை எலி விடாது என்பதால். ஆனால் கேட்டவர்களுக்கெல்லாம் அத்தை கொடுத்துவிட மாட்டாள். ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போவாள். குடிக்கத் தண்ணீர் கேட்பாள். யார் கொண்டுவந்து தருகிறார்கள், அந்த வீட்டு மருமகளை எப்படிக் கூப்பிடுகிறார்கள், மிச்சச் சோறு எங்கே போகிறது, எல்லாம் பார்ப்பாள். மனதுக்குப் பிடித்திருந்தால்தான் அப்புறம் குட்டியைக் கொண்டுபோவாள்.

இன்னொரு வழக்கமும் வைத்திருந்தாள். ஊரில் எல்லோரும் பூனையைக் கோணிப்பையில் போட்டுக் கட்டித்தான் கொண்டுபோவார்கள். வழி தெரிந்தால் திரும்பி வந்துவிடும் என்று, நடுவழியில் நின்று பையை நாலு சுற்றுச் சுற்றவும் செய்வார்கள். அத்தை குட்டியைக் கையில் ஏந்தி, தலை வெளியே தெரிகிற மாதிரி கொண்டுபோய்க் கொடுப்பாள். ஏன் என்று கேட்டால், "வழி தெரியட்டும். பிடிக்கலைன்னா அது எங்க போகும்?" என்பாள்.

அத்தையை மலைக்குக் கீழே கம்பத்துப் பக்கம் நல்ல வசதியான வீட்டில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். ஒருதடவை அடி தாங்காமல் மலையேறி நடந்தே வந்துவிட்டாளாம். அப்பா மறுநாளே பஸ்ஸில் கூட்டிப்போய் அங்கேயே விட்டுவிட்டு வந்தாராம். அடுத்த தடவை வந்தவள் போகவில்லை. இதை அம்மா என்னிடம் சொன்னது எனக்குக் கல்யாணமான பிறகு. அந்த வயதில் எனக்குத் தெரிந்ததெல்லாம், அத்தை எங்களோடு இருக்கிறாள், அவ்வளவுதான்.

ஒரு செவலைக்குட்டியை முதலாளி வீட்டம்மா கேட்டுவிட்டார்கள். அத்தையும் நானும் போய்ப் பார்த்தோம். பெரிய வீடு. பின்வாசலில் நிற்க வைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். "சோத்தக் காட்டிராத. வயிறு நிறைஞ்ச பூனை எலி பிடிக்காது" என்று அந்தம்மா வேலைக்காரரிடம் சொன்னதும் காதில் விழுந்தது. வீட்டுக்கு வந்ததும் அத்தை, "வேண்டாம்ண்ணே" என்றாள்.

"பூனைக்குட்டிக்கு என்னத்துக்கு இம்புட்டு யோசனை? முதலாளி வீடு. வசதிக்கு என்ன குறைச்சல்?" என்றார் அப்பா.

எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. அத்தை குட்டியைக் கையில் ஏந்திப்போய்க் கொடுத்துவிட்டு வந்தாள்.

காய் எடுப்பு மும்முரமாக நடந்த சமயம், ஒரு மத்தியானம் செவலை எங்கள் வாசலில் வந்து நின்றது. கழுத்தில் கயிறு, கடித்து அறுத்த துண்டோடு தொங்கியது. வயிறு முதுகோடு ஒட்டிக் கிடந்தது. அத்தை கயிற்றை அறுத்தெறிந்துவிட்டுச் சோறு வைத்தாள். அது தின்கிற வேகத்தைப் பார்த்து அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பின்னாலேயே முதலாளி வீட்டு வேலைக்காரர் வந்தார். "பூனை இங்கதான் வந்திருக்கும்னு அம்மா சொன்னாக. பொழுது சாயறதுக்குள்ள கொண்டாந்து விடணுமாம். இல்லைன்னா நாளைக்கு அடுப்பு வேலைக்கு வேற ஆளாம், லயத்து ரூமையும் காலி பண்ணணுமாம். என்னைக் கோவிச்சுக்காதீக, சொல்லச் சொன்னதச் சொல்லிட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்பா தரையைப் பார்த்தபடி அத்தையிடம், "கொண்டு போய் விட்டுரு தாயி. பிள்ளை குட்டியோட நான் எங்க போவேன்?" என்றார்.

அத்தை பூனையைத் துண்டில் சுற்றி அப்பாவின் கையில் கொடுத்தாள். "நீயே விட்டுட்டு வாண்ணே. உனக்குப் பழக்கந்தான" என்றாள். கோபமே இல்லை; கடையில் உப்பு வாங்கி வரச் சொல்கிற குரல்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அப்பா ஒரு பூனையைத் தொட்டுக்கூட நான் பார்த்ததில்லை.

அவர் நடந்தார். நானும் பின்னால் ஓடினேன். ஓடைப் பாலத்துக்கு வந்ததும் நின்றார். பூனை துண்டிலிருந்து தலையை நீட்டி அவரைப் பார்த்தது. திமிறவில்லை.

"கத்த மாட்டேங்குதே" என்றார்.

அப்புறம், "அன்னைக்கும் இப்பிடித்தான். பஸ்ஸுல ஒரு வார்த்தை பேசல" என்றார்.

"எந்தப் பூனைப்பா?" என்று கேட்டேன்.

அவர் பாலத்துக் கட்டையில் உட்கார்ந்து தண்ணீரையே பார்த்தார். அப்புறம் எழுந்து, வந்த வழியே திரும்பி நடந்தார். அந்த வேலை போனதும், சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு வேறு தோட்டத்துக்குக் குடிபோனதும் அதற்கப்புறம் நடந்தவை. சிரமப்பட்டோம், ஆனால் யாரிடமும் போய் நிற்கவில்லை. அன்றைக்கு நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன்.

வாசலில் அம்மா நின்றிருந்தாள். அப்பாவின் கையில் பூனையைப் பார்த்துவிட்டு, "ஏங்க, போகலையா?" என்றாள்.

"மழை வருது" என்று சொல்லிவிட்டு அப்பா பூனையை இறக்கிவிட்டார்.

அத்தை வெளியே போய், கொடியில் காய்ந்துகொண்டிருந்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து உள்ளே கொண்டுவந்து போட்டாள். நான் முற்றத்தில் நின்று கையை நீட்டிப் பார்த்தேன். வெயில் சுள்ளென்று அடித்தது. ஒரு சொட்டு விழவில்லை. பெரியவர்களுக்கு மழை முன்கூட்டியே தெரிந்துவிடும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.