படிக்கட்டு அலமாரியும் மூன்று வைஃபை பெட்டிகளும்

வயர்மேனின் மனைவியை எல்லோரும் ஏணி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். புருஷன் வேலைக்குப் போகிற வீட்டுக்கெல்லாம் கூடவே போய் ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். எட்டாவதோடு படிப்பு நின்றுபோய், கல்யாணம் ஆகும்வரை கட்டட வேலையில் செங்கல் கைமாற்றியவள். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் கழுத்தெல்லாம் வியர்த்துவிடும். கண் மட்டும் சும்மா இருக்காது. ஏணி பிடிக்கிறவளை யார் கவனிக்கிறார்கள்? புருஷன் மேலே ஒரு விளக்கை மாட்டிவிட்டு இறங்குவதற்குள், அந்த வீட்டில் யார் யாரோடு பேசுவதில்லை, யாருக்குத் தெரியாமல் யார் என்ன வாங்கினார்கள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி ஆகிவிடும்.

கணக்கு சார் வீட்டுக்கு வைஃபை பெட்டிகள் வைக்கப் போன சனிக்கிழமையும் அப்படித்தான் ஏணியோடு போய் நின்றாள்.

அவசரம் சாருடைய மகளுக்கு. நெட் லைன் வந்து சேருவது கீழே முன் ஹாலில். அவள் அறையோ மாடியில், பின்பக்கம். போன மாதம் ஒரு கம்பெனியின் இன்டர்வியூவில் பதில் சொல்ல வாயைத் திறந்தவள் திரையில் அப்படியே உறைந்துபோனாள். திறந்த வாயோடு இருந்த அந்தப் படத்திடம் ஐந்து நிமிஷம் கேள்வி கேட்டுப் பார்த்துவிட்டு, வேலையை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். ஹாலில் உட்கார்ந்து பேசலாமென்றால் தெருவில் போகிற வண்டியெல்லாம் வீட்டுக்குள் போகிற மாதிரி சத்தம். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு இன்னொரு கம்பெனி கூப்பிடப் போகிறது. இதுவும் போனால் வேலை தேடுவதையே விட்டுவிடுவேன் என்று அம்மாவிடம் அவள் சொல்லியிருந்தாள்.

சார் திட்டத்தைத் தயாராக வைத்திருந்தார். கிராஃப் தாளில் வீட்டை வரைந்து, காம்பஸால் மூன்று வட்டம் போட்டிருந்தார். ஹாலில் ஒன்று, பக்கத்திலேயே அவருடைய படிக்கும் அறையில் ஒன்று, மகள் அறையில் ஒன்று. வட்டங்கள் ஒன்றையொன்று அழகாகத் தொட்டுக்கொண்டு நின்றன.

வயர்மேன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல சுவரு எங்க சார்?" என்று கேட்டார்.

"சுவரெல்லாம் கணக்குல வராதுப்பா."

பள்ளிக்கூடத்தில் அவரிடம் காதைத் திருகக் கொடுத்த மாணவர்களில் வயர்மேனும் ஒருவர். அந்தக் காது இன்னும் சாரைக் கண்டால் சிவக்கும். மறுபேச்சு பேசாமல் வட்டத்துக்கு நடுவே புள்ளி வைத்த இடங்களிலேயே பெட்டிகளை வைத்தார்.

மகள் அறைப் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. போனில் சிக்னல் கோடுகள் முழுசாக நின்றன, வீடியோ மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது. வயர்மேன் தலையைச் சொறிந்தார். சார் காம்பஸின் முனையைச் சோதித்தார். அவருடைய மனைவி, ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம் நர்ஸாக இருந்தவர், தாளில் வட்டம் போட்டால் பெட்டிக்கு எப்படித் தெரியும், அதற்குப் படிக்கத் தெரியுமா என்று கேட்டார். மகள் கட்டிலில் உட்கார்ந்து நகத்தைக் கடிக்க ஆரம்பித்தாள்.

ஏணி அக்காவுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. மாடிக்குச் செங்கல் ஏற்றும்போது கீழே ஒருத்தி, நடுப்படியில் ஒருத்தி, மேலே ஒருத்தி நிற்பார்கள். நடுவில் ஆள் இல்லையென்றால் மேலே நிற்கிறவள் எவ்வளவுதான் கையை நீட்டினாலும் கல் வராது. நெட்டை ஒன்றிடமிருந்து ஒன்று கைமாற்றுகிற இந்தப் பெட்டிகளில் மேலே இருப்பதும் அப்படித்தான் வெறுங்கையை நீட்டிக்கொண்டு நிற்கிறது. கீழேயோ இரண்டு பெட்டிகள் அக்கம்பக்கமாக உட்கார்ந்து ஊர்க்கதை பேசுகின்றன. புருஷன் காதில் இதைப் போட்டாள்.

அவர் அதைத் தன் சொந்த யோசனை போல எடுத்துவிட்டார். "சார், உங்க ரூம்ல இருக்கறத எடுத்து, படி திரும்புற இடத்துல வெச்சிடலாம். உங்க ரூமுக்கு ஹால் பெட்டியே போதும்."

சார் பதறிப்போனார். அந்த இடம் மையத்தில் இல்லை என்றார். படி ஏறுகிறவர்கள் தலையில் இடிக்கும் என்றார். கடைசியாக, அழகு கெட்டுவிடும் என்றார். வெறும் பல்பு தொங்குகிற படிக்கட்டில் கெடுவதற்கு என்ன அழகு இருந்தது என்பது யாருக்கும் விளங்கவில்லை.

படி திரும்பும் இடத்தில் ஒரு சுவர் அலமாரி இருந்தது. பிளக் பாயிண்ட் அதற்குள்ளே. அலமாரியில் பூட்டு, சாவி சாரின் பாக்கெட்டில். உள்ளே பழைய வினாத்தாள்கள் இருக்கின்றன, ரகசியம் என்றார். அவர் ஓய்வு பெற்றே எட்டு வருஷம் ஆகிறது.

ஏணி அக்கா குனிந்து பார்த்தாள். தரையிலிருந்து கோடு போட்ட மாதிரி எறும்புகள் ஏறி, பூட்டுக்குக் கீழே இருந்த இடுக்கில் நுழைந்துகொண்டிருந்தன. சாருக்கு டாக்டர் இனிப்பை நிறுத்தியது அந்தத் தெருவுக்கே தெரியும். நர்ஸம்மா டீக்குச் சர்க்கரை போடும் கரண்டியையே ஒளித்து வைத்திருந்தார்.

டிரில்லர் வண்டியில் இருக்கிறது, எடுத்து வாருங்கள் என்று புருஷனை அனுப்பினாள். விளக்கு நிறம் மாறுகிறதா என்று பார்க்க வேண்டும் என்று சொல்லி, தாயையும் மகளையும் மாடியிலேயே இருக்க வைத்தாள். வாழ்க்கையில் ஒரே மூச்சில் மூன்று பேருக்கு அவள் வேலை சொன்னது அன்றைக்குத்தான். பிறகு சாரிடம் வந்து, தரையைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்.

"வினாத்தாள் தின்னுற எறும்ப நான் இன்னிக்குத்தான் சார் பாக்குறேன்."

சார் பாக்கெட்டை இறுகப் பொத்திக்கொண்டார்.

"கதவத் தொறந்து குடுத்திடுங்க சார். அவங்க வர்றதுக்குள்ள என் பையில போட்டுக்கறேன். வேலை முடிஞ்சதும் இருந்த இடத்துலயே வெச்சிடுவேன். பாப்பாவுக்குத் திங்கக்கிழமை பத்து மணிக்கு."

சாவி பாக்கெட்டிலிருந்து வெளியே வர அரை நிமிஷம் பிடித்தது. ஒரு டப்பா நிறைய கிரீம் பிஸ்கட். அது ஸ்க்ரூ டிரைவர்களுக்கு நடுவில் போய் உட்கார்ந்த வேகத்தில் இரண்டு எறும்பு அவள் கையைக் கடித்தன. வயர்மேன் ஓட்டை போட்டு வயரை வெளியே இழுத்து, அலமாரிக்கு மேலே பெட்டியை வைத்தார். மாடியிலிருந்து, "பச்சை வந்துடுச்சு!" என்று குரல் கேட்டது. அவர் சாமான்களை வண்டியில் கட்டுவதற்குள் டப்பா தன் இடத்துக்குத் திரும்பிவிட்டது. தண்ணீர் ஊற்றிய தட்டில் வைத்தால் எறும்பு வராது என்றும் ஏணி அக்கா காதோடு காதாகச் சொல்லிவிட்டு வந்தாள்.

புதன்கிழமை மத்தியானம் மகள் போன் செய்தாள். வேலை கிடைத்துவிட்டதாம். ஒரு வார்த்தைகூட அறுபடவில்லையாம். வீட்டிலிருந்தே பார்க்கிற வேலை. நல்லதும்மா என்றாள் ஏணி அக்கா.

"அக்கா, ஒரு சந்தேகம்," என்றாள் மகள். "எந்த போன் எந்தப் பெட்டியில இருக்குன்னு வைஃபை ஆப்ல காட்டுது. தெனமும் மூணு மணிக்கு அப்பா போன் மட்டும் படிக்கட்டுப் பெட்டிக்குப் போய் பத்து நிமிஷம் நிக்குது. அவர் ரூம்லயே நல்லா கெடைக்குதே?"

"சாருக்கு அந்தப் பெட்டி மேல ஒரு பாசம்மா."

அரைமணி நேரம் கழித்து சாரே கூப்பிட்டார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"ஏம்மா, இவ உங்கிட்ட பேசுனது கேட்டுச்சு. அந்த ஆப்ல எம் பேர மட்டும் எடுத்துட முடியுமா? இவ இனிமே நாள் பூரா வீட்லதான் இருக்கப் போறா."

"எதுக்கு சார் எடுக்கணும்? படிக்கட்டுக்குப் போறப்ப போன ரூம்லயே வெச்சிட்டுப் போங்க."

'போன் ரூம்ல, நான் படிக்கட்டுல' என்று அந்தப் பக்கம் முணுமுணுப்பு கேட்டது. மனிதர் கணக்கின் வழியைச் சரிபார்க்கிறார் போலிருக்கிறது.

"விடை சரி," என்று சொல்லி வைத்துவிட்டார்.