மடிப்பு மாறி வந்த புடவைகள்

முதலாளி ஒரு புடவையைக் கவுண்டர் மேல் பொத்தென்று போட்டார். "ஏல, இது யார் மடிச்சது?"

எழுபதுகளின் ஆரம்பம். மயிலாப்பூர் மாட வீதியில் ஒரு பட்டுக் கடையில் நான் சேல்ஸ்மேன். எங்கள் கடையில் முந்தி உள்ளே போகணும், பார்டர் வெளியே தெரியணும். சேர்ந்த முதல் மாசம் பூரா இந்த மடிப்பைத்தான் பழகினேன். முதலாளி போட்ட புடவையிலோ முந்தி வெளியே இருந்தது. வீட்டுப் பெண்கள் மடித்தால் விளிம்பு கொஞ்சம் கோணும். இது கோணவே இல்லை. தி.நகரில் புதிதாக வந்திருந்த பெரிய கடையின் மடிப்பு அது.

அந்தப் புடவை செலக்‌ஷனுக்குப் போய் வந்தது. கல்யாண வீட்டுக்குப் பத்துப் பதினைந்து புடவையை நாங்களே மூட்டை கட்டி அனுப்புவோம். வேண்டியதை வைத்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தருவார்கள். அதுதான் செலக்‌ஷன். கட்டுவது நான், சைக்கிளில் கொண்டுபோய் இரண்டு நாள் கழித்து வாங்கி வருவது மாணிக்கம் அண்ணன். அந்த சீசனில் மூட்டைகள் ஒரு புடவைகூடக் குறையாமல் திரும்பி வந்தன. வியாபாரம் படுத்தே விட்டது.

"நம்ம டிசைனைக் கொண்டுபோய் அவன் கடையில காட்டுதான்ல மாணிக்கம். சாயங்காலம் எந்தப் பக்கம் போறாம்னு பாத்துட்டு வா" என்றார் முதலாளி. திருநெல்வேலிக்காரர். சந்தேகம் வந்துவிட்டால் சோறு இறங்காது அவருக்கு.

அன்று சாயங்காலம் அண்ணன் பின்னாலேயே போனேன். மறுநாள், "பனகல் பார்க் பக்கம் போனாரு" என்று சொன்னேன். தி.நகர் பெரிய கடையும் அந்தப் பக்கம்தான். அவ்வளவுதான் சொன்னேன். பொய்யில்லை. ஆனால் அண்ணன் வீடு சைதாப்பேட்டை ஆற்றங்கரையில். மவுண்ட் ரோடு லாரிக்குப் பயந்து தினமும் பனகல் பார்க் சுற்றித்தான் வீட்டுக்குப் போவார். அது எனக்கு நன்றாகவே தெரியும். முதலாளி கேட்கவில்லை, நான் வாயைத் திறக்கவில்லை. மூட்டையைத் தொடுகிறவர்கள் நாங்கள் இரண்டே பேர். அவர் இல்லையென்றால் அடுத்தது என் தலை. பயந்தாங்கொள்ளிப் பயல் நான்!

"இன்னா மொதலாளி, இத்தினி வருசமா ஒங்க மூட்டய சொமந்துகினு கீறேன், என்னப் போயி..." என்றார் மாணிக்கம் அண்ணன். முதலாளி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அண்ணன் என்னைப் பார்த்தார். நான் சுத்தமாக இருந்த கவுண்டரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கே அவருக்கு வேலை போயிற்று.

அடுத்த மூட்டையை நானே லஸ் பக்கம் ஒரு வீட்டுக்குக் கொண்டுபோனேன். இரண்டு நாள் கழித்துப் போனால் அந்த வீட்டு மாமி இல்லை. வாசலில் நின்றேன். பஸ் ஸ்டாப்பிலிருந்து நடந்து வந்தார், ஒரு கையில் எங்கள் மூட்டை, இன்னொரு கையில் தி.நகர் கடைப் பை!

"வந்துட்டியாப்பா? இதெல்லாத்தையும் அங்க எடுத்துண்டு போய் கலர் ஒத்துப் பார்த்தேன். அங்கேயே நன்னா அமைஞ்சுடுத்து. ஃபேனுக்கு அடியில உக்கார வச்சு, சோடா குடுத்து, என்ன உபசாரம்ங்கறே! உங்க புடவையக்கூட அவாளே மடிச்சுக் குடுத்துட்டா பாரேன்."

மாமிக்கு அது தப்பாகவே படவில்லை. நான் அங்கேயே மூட்டையைப் பிரித்துப் பார்த்தேன், எல்லாவற்றிலும் முந்தி வெளியே இருந்தது.

முதலாளியிடம் சொன்னேன். "அண்ணனைக் கூப்பிடுவோமா?" என்று கேட்டேன். "கூப்பிட்டு என்னன்னுல சொல்ல? இனிமே செலக்‌ஷனே கிடையாது. ஒரு புடவை வாசல் தாண்டப்படாது" என்றார். மயிலாப்பூர்க்காரர்கள் எங்களிடம் ஒட்டியிருந்ததே அந்த ஒரு வசதிக்காகத்தான். கடைக்கு வந்துதான் பார்க்கணும் என்றால் பெரிய கடைக்கே போகலாமே என்று அவர்களும் பஸ் ஏறிவிட்டார்கள். சந்தேகப்பட்டே கடையைக் காலி பண்ணினோம்.

மாணிக்கம் அண்ணன் அந்தத் தி.நகர் கடையில்தான் சேர்ந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு, மன்னிப்புக் கேட்கப் போனேன். புடவை மடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னா நைனா, துணி எடுக்க வந்தியா, வேவு பாக்க வந்தியா?"

அதற்குள் சூப்பர்வைசர் கத்தினார்: "மாணிக்கம்! முந்திய வெளிய விடுய்யா. எத்தன தடவ சொல்றது?"

"கை பழகிப்போச்சு சார், மாற மாட்டேங்குது" என்றார் அண்ணன்.

சொல்ல வந்ததைச் சொல்லாமலேயே திரும்பினேன். இப்போது வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: கூட வேலை செய்கிறவனைப் பற்றிக் கேட்டால் பாதியோடு நிறுத்தாதீர்கள். "அவர் வீட்டுக்கு அதுதான் வழி" என்று சொல்ல எனக்கு அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது.