ஏசுபாதத்தின் கதர்க் கோட்டு

ஊரிகம் தங்கவயலில் கதர்ச் சட்டையோடு கேஜ் என்னும் இரும்புக் கூண்டில் ஏறிச் சுரங்கத்துக்குள் இறங்கிய ஒரே ஆள் ஏசுபாதம். இருபது வயதில், சீமைத் துணி மறியல் நடந்த நாளில், கிறிஸ்துமஸுக்கு வாங்கிய தன் ஒரே சீமைச் சட்டையை தொழிலாளர் லைன் வீடுகளுக்கு நடுவே போட்டுக் கொளுத்தினார்.

"நம்ம பஞ்சைச் சல்லிசா வாரினு போயி, துணியாக்கி, நம்ம தலையிலயே கட்டுறான். நம்ம துணிக்கு வரி, அவன் துணிக்குச் சலுகையா?" என்று முழங்கிவிட்டு, மார்கழிக் குளிரில் வெற்று மார்போடு நடுங்கியபடி வீடு திரும்பினார். சீமைத் துணி இனி உடம்பில் படாது என்பது சபதம்.

வெள்ளைக்காரன் போனான். சுரங்கமும் சர்க்கார் கைக்கு வந்தது. சபதம் மட்டும் அவரைவிட்டுப் போகவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டில் மகள் ஐடாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. தேவாலயத்தில் அப்பா கோட்டுப் போட்டு, மகளின் கையைத் தன் முழங்கையில் கோத்துப் பீடம்வரை நடத்திப் போவது வழக்கம். கோட்டில்லாமல் வந்தால் சம்பந்தி வீட்டுக்கு அவமானம். சம்பந்தி கிளாரன்ஸ் தன் இங்கிலாந்துக் கம்பளிக் கோட்டையே கொடுத்தனுப்பினார். அது போன வேகத்தில் திரும்பி வந்தது.

"உன் சித்தப்பன் கூட்டினு போவட்டும்மா," என்றார் ஏசுபாதம்.

"நீ வராட்டி எனக்குக் கல்யாணமே வேணா நைனா," என்று ஐடா விசும்பினாள்.

மனைவி மரியகுழந்தை இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "இன்னாத்துக்கு அழுவுறீங்க? கதர்லயே ஒரு கோட்டு தைங்களேன்."

தைத்தார்கள். அதோடு விட்டிருக்கலாம். தன் கதரைப் பிறர் துவைக்க ஏசுபாதம் விடமாட்டார். கல்யாணத்துக்கு முந்தின நாள், வேட்டிக்குப் போடுவதுபோலவே கோட்டையும் கெட்டிக் கஞ்சியில் முக்கி உலர்த்தினார்.

காலையில் கோட்டு தானாகவே நின்றது. உள்ளே புகுந்த ஏசுபாதத்தின் கைகள் இரண்டும் விறைத்து நீண்டன.

"இன்னா சம்பந்தி, உள்ள சுரங்கத்து டிம்பர் கட்டைய வச்சித் தச்சிட்டாங்களா?" என்றார் வாசலில் கிளாரன்ஸ்.

ஆர்மோனியம் ஒலித்தது. ஏசுபாதம் முழங்கையை மடக்கப் பார்த்தார். கோட்டு மொறமொறத்தது, கை மடங்கவில்லை. கண்ணில் நீர் திரண்டது. துடைக்கவும் கை எட்டவில்லை.

ஐடா தன் கைக்குட்டையால் அந்தக் கண்களைத் துடைத்தாள். பிறகு தன் முழங்கையை மடக்கி, பலகைபோல் நீண்டிருந்த அப்பாவின் கையை அதற்குள் செருகிக்கொண்டாள்.

"நான் கூட்டினு போறேன். மெதுவா வா நைனா."

மகள் நடத்த, அப்பா பீடத்தை நோக்கி நடந்தார். கோட்டு உட்கார விடாததால், ஆராதனை முடியும்வரை நின்றபடியே அழுதார்.