நகலோடு வந்தவள்

இதைப் படித்துவிட்டு நான் புளுகுகிறேன் என்று சொல்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். இது என் வீட்டில், என் கண் முன்னால் நடந்தது. அதுவும் நடுராத்திரியில் இல்லை. வெயில் கொளுத்தும் பகலில்.

நான் குளிர்பதனக் கிடங்கில் விடிய விடியப் பெட்டி ஏற்றுகிறவன். ஊரே வேலைக்குக் கிளம்பும்போது திரைச்சீலையை இழுத்துவிட்டுப் படுப்பேன். எனக்குப் பகல்தான் ராத்திரி.

என் மனைவி தையல் ஆலையில் படியில் உருண்டு இடுப்பை உடைத்துக்கொண்டாள். நின்று செய்யும் வேலை அன்றோடு போயிற்று. கல்யாணத்துக்கு முன்பு டைப்பிங் படித்திருந்தாள். வீட்டிலிருந்தே டைப் அடிக்கும் வேலை தருவதாக ஒரு கம்பெனி சொன்னது. ஒரே நிபந்தனை. திங்கட்கிழமை அவர்கள் ஆள் வந்து கம்ப்யூட்டரைப் பார்ப்பார். உள்ளே திருட்டு சாஃப்ட்வேர் இருந்தால் வேலை கிடையாது. இதை விட்டால் அவளுக்கு வேறு வழியும் கிடையாது.

கம்ப்யூட்டரைப் பாகம் பாகமாகப் பூட்டிக் கொடுத்தது அவள் தம்பி. தாயில்லாப் பிள்ளை என்று இடுப்பில் சுமந்து இவள் வளர்த்தவன். உதிரிப் பாகங்கள் வாங்கி கம்ப்யூட்டர் பூட்டித் தரும் சின்னக் கடை வைத்திருக்கிறான். உள்ளே எல்லாம் ஒரிஜினலா என்று அவள் கேட்டாள்.

"அக்காவுக்குப் போய் டூப்ளிகேட் போடுவேனா?" என்று சிரித்தான். பெற்ற பிள்ளை சொன்ன மாதிரி அவள் நம்பினாள்.

முதல் நாளே ஏதோ சரியில்லை. சுவிட்சைப் போட்டதும் திரை ஒரு பெண்ணின் பெயரைச் சொல்லி வரவேற்றது. என் மனைவியின் பெயர் இல்லை. தம்பியைக் கேட்டதற்கு, சோதித்துப் பார்க்கப் போட்ட பெயர் என்றான். வந்து மாற்றிக் கொடுத்தான். மறுநாள் காலையில் பழைய பெயரே வந்து நின்றது.

பிறகு திரையின் மூலையில் மங்கலாக ஒரு வரி வந்தது. நான் நாற்பது வயதைத் தாண்டி எழுத்துக் கூட்டக் கற்றவன். விரல் வைத்துத்தான் படிப்பேன். படித்தேன்.

'இந்தப் பிரதி அசல் அல்ல.'

அது எல்லா மெஷினிலும் வருவதுதான், தானாகப் போய்விடும் என்று அதற்கும் ஒரு சமாதானம் சொன்னான்.

வெள்ளிக்கிழமை. பக்கத்து வீட்டுக்காரி என் மனைவியை இடுப்புப் பயிற்சிக்கு அழைத்துப் போயிருந்தாள். நான் தூங்கிக்கொண்டிருந்தேன்.

டக்... டக்... டக்...

கீபோர்டு சத்தம். அவள் அதற்குள் திரும்பிவிட்டாளா? கடிகாரத்தைப் பார்த்தேன். பதினொன்றே கால். அவள் வர ஒரு மணி ஆகும்.

"யாரு?" என்றேன்.

சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து...

டக்... டக்...

எழுந்து முன்னறைக்குப் போனேன். நாற்காலி காலியாக இருந்தது. திரை எரிந்துகொண்டிருந்தது. நான் அதைப் போடவில்லை.

ஒவ்வொரு எழுத்தாக வந்துகொண்டிருந்தது. திரையில் விரலை வைத்தேன். என் விரல் நின்றால் எழுத்தும் நின்றது. நகர்ந்தால் வந்தது. நான் படித்து முடிக்கும் வரை... அது காத்திருந்தது.

'இது என்னுடையது.'

அடுத்த வரி.

'கேட்காமல் எடுத்தான்.'

அடுத்த வரி.

'நானும் வந்துவிட்டேன்.'

பிளக்கைப் பிடுங்கினேன். திரை அணைந்தது.

டக்... டக்... டக்...

விசைகள் தாமாக அமுங்கின. எழுந்தன. அமுங்கின.

நாற்காலியைத் தொட்டேன்.

சூடாக இருந்தது.

மனைவியிடம் சொல்லவில்லை. தூக்கக் கலக்கம் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். திங்கட்கிழமை கம்பெனி ஆள் வந்தார். ஐந்து நிமிடம் பார்த்தார். என் மனைவியின் முகத்தைப் பார்க்காமலேயே பேசினார்.

"இதுல ஒண்ணுகூட உங்களோடது இல்லம்மா. யாரோ ஒருத்தருடைய டிஸ்க்கை அப்படியே காப்பி எடுத்துப் போட்டிருக்காங்க."

அவள் அழவில்லை. தம்பியை போனில் கூப்பிட்டு என் கையில் கொடுத்தாள். அவன் முதலில் மழுப்பினான். பிறகு ஒப்புக்கொண்டான். ஒரு பெண் ரிப்பேருக்குக் கொடுத்த மெஷின். அதில் எல்லா சாஃப்ட்வேரும் அசலாக இருந்தது. டிஸ்க்கை நகல் எடுத்துக்கொண்டு மெஷினைத் திருப்பிக் கொடுத்திருக்கிறான். அதன்பின் பூட்டிய எல்லா மெஷினிலும் அந்த நகல்தான். ஊரே செய்கிற வேலைதான் மாமா என்றான்.

"உன் வீட்டு மெஷின்ல?" என்று கேட்டேன்.



"அதுல காசு குடுத்து அசல் போட்டிருக்கேன் மாமா."

"ஏன்?"

"முதல்ல அந்த நகலைத்தான் போட்டேன். சத்தம் கேட்டுச்சு. அந்த டிஸ்க்கைக் கழட்டி வேற வீட்டு மெஷின்ல போட்டுட்டேன்."

என் மனைவி போனை வாங்கினாள். அவள் குரல் உயரவே இல்லை.

"தெரிஞ்சுதான் எனக்குக் குடுத்தியா? எத்தனை வீட்டுக்குக் குடுத்தியோ, அத்தனையையும் போய் அழிச்சிட்டு, உன் கைக்காசுல அசல் போட்டுக் குடு. அதுவரைக்கும் என் முகத்துல முழிக்காதே."

கம்பெனி ஆள் நல்ல மனுஷன். எங்கள் டிஸ்க்கைத் துடைத்து அழித்து, கம்பெனி கணக்கிலேயே புதிதாகப் போட்டுக் கொடுத்தார். அழித்து முடிக்கும்போது மணி பன்னிரண்டு. வேலை கிடைத்தது. சத்தமும் நின்றது. ஆனால் அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

எனக்கு அந்தப் பெண்ணின் நினைப்பாகவே இருந்தது. எங்களை ஏமாற்றிய அதே கைதான் அவளிடமும் திருடியிருக்கிறது. அவள் செத்துப்போய்த்தான் இப்படி வந்து தட்டுகிறாள் என்று நினைத்தேன். செத்துப்போனவளின் வீட்டில் ஒரு வார்த்தையாவது சொல்ல வேண்டும் என்று பட்டது. மச்சினன் சொன்ன தெருவைத் தேடி புதன்கிழமை காலையில் போனேன்.

ஒரு வயதான அம்மா கதவைத் திறந்தார். உங்கள் மகள் எப்போது தவறினார் என்று கேட்டேன்.

"யாருப்பா நீ? எம்பொண்ணு உள்ளதான் இருக்கா."

அழைத்துப் போய்க் காட்டினார்.

கட்டிலில் படுத்திருந்தாள். கண் திறந்திருந்தது. பேச்சு இல்லை. ரிப்பேருக்குப் போன மெஷின் திரும்பி வந்த வாரத்தில் இப்படி விழுந்தாளாம். டாக்டர்களுக்கும் காரணம் தெரியவில்லையாம்.

கைகள் மட்டும் ஓயவில்லை. போர்வையின் மேல் விரல்கள் அமுங்கின. எழுந்தன. அமுங்கின.

வலது கைச் சுண்டுவிரல் மட்டும் அசையவில்லை. அதை அந்த அம்மா தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தார்.

"பத்து விரலும் ஆடிக்கிட்டுதான் இருந்துச்சு. திங்கக்கிழமை மத்தியானத்துல இருந்து இது மட்டும் நின்னு போச்சு."

எங்கள் டிஸ்க்கை அழித்து முடித்த நேரம் அது.

நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே... அடுத்த விரல் மெதுவாகி... மெதுவாகி... நின்றது.

சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. மச்சினனின் செய்தி. எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

'முதல் வீட்டை முடிச்சிட்டேன் மாமா. இன்னும் எட்டு வீடுதான். அக்காகிட்ட சொல்லிடுங்க.'

கூப்பிட்டேன். மணி அடித்தது. எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன்.

அந்த அம்மா மகளின் கையைப் பார்த்தார். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்த மாதிரி இருந்தது.

"ஓஞ்சுக்கிட்டு வருது பாருப்பா. இனியாவது தூங்குவா போல."