பத்து மணிப் பால்

மீன் குஞ்சுகளுக்குப் பால் கொடுக்கச் சொன்னது மாமாதான். பழி முழுவதும் என் தலையில் விழுந்துவிடக் கூடாது என்பதால் இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன். அப்போது எனக்கு ஆறு வயது. சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை என்று லயத்தில் எனக்கு நல்ல பெயர் இருந்தது. வினையே அந்தப் பெயரால்தான் வந்தது.

மாமா என் அம்மாவின் தம்பி. ஹாலிஎலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லய வரிசையில் எங்களுக்கு இருந்தது ஒரே அறையான ஒரு காம்பராவும், அதன் முன்னால் அடுப்பெரிக்கிற இஸ்தோப்பும். அதற்குள் அப்பா, அம்மா, நான், தவழத் தொடங்கியிருந்த தம்பி, மாமா என்று ஐந்து பேர். மாமா எட்டாம் வகுப்பு வரை படித்தவர். பத்தொன்பது வயதாகியும் தோட்டத்தில் வேலைக்குப் பேர் பதியாமல் இழுத்தடித்துக்கொண்டிருந்தார். பதிந்துவிட்டால் முதுகு வளைகிற வரைக்கும் தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்திதான் என்பார். பேர் பதியாதவனுக்கு லயத்தில் இடமில்லை என்று கங்காணி நல்லவிதமாகவும் சொல்லிப் பார்த்தார், கெட்டவிதமாகவும் சொல்லிப் பார்த்தார். கடைசியில் அந்த மாத முடிவு வரைக்கும் தவணை வைத்துவிட்டார்.

மாமாவுக்கு இருந்த ஒரே வழி பதுளைக் கடைவீதியில் இருந்தது. அங்கே கண்ணாடிச் சாமான் விற்கிற முஸ்லிம் முதலாளி ஒருவர் கடை முகப்பில் மீன் தொட்டிகளும் வைத்திருந்தார். கொழும்பிலிருந்து ரயிலில் வருகிற மீன்களில் பாதி, மலை ஏறுவதற்குள் செத்துப்போகும். இங்கேயே குஞ்சு பொரிக்க வைக்கத் தெரிந்த ஆள் கிடைத்தால் தேவலை என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். டவுனுக்குப் போகும்போதெல்லாம் அந்தத் தொட்டிகளின் முன்னால் நின்று கடைக்கு வருகிறவர்களுக்கு வழி மறைப்பது மாமாவின் வழக்கம். ஒருநாள் முதலாளி ஒரு ஜோடி ஃபைட்டர் மீனை இரண்டு டொபி போத்தல்களில் போட்டு அவர் கையில் கொடுத்தார்.

“கொண்டு போய் வளத்துப் பாருங்க தம்பி. குஞ்சு பொழச்சா எடுத்துக்கிட்டு வாங்க. கடையில வேலையும் தாரேன், மாடியில தங்கவும் ஏலும்.”

அன்றிலிருந்து எங்கள் இஸ்தோப்பு மீனுக்கு என்று ஆகிவிட்டது. அடுப்புக்குப் பக்கத்தில் சூடு படுகிற இடத்தில் அம்மாவின் பெரிய பேசினை வைத்தார் மாமா. குளிர் பட்டால் குஞ்சு நிற்காதாம். ஆண் மீன் தண்ணீரின் மேல் எச்சில் நுரையால் கூடு கட்டியது. பெண் முட்டையிட்டதும் ஆண் ஒவ்வொரு முட்டையாக வாயில் கவ்விக்கொண்டு போய் நுரைக்குள் வைத்தது. உடனே மாமா பெண்ணை அள்ளிப் போத்தலில் போட்டு, பேசினுக்குப் பக்கத்துப் பலகையில் வைத்துவிட்டார்.

“அம்மா மீன் புள்ளைகளப் பாக்காதா?” என்று கேட்டேன்.

“இந்தச் சாதியில ஆம்பளதான் புள்ள வளக்கும். அம்மாவுக்கு ஒரு வேலையும் இல்ல.”

கொழுந்துக் கூடையை இறக்கிக்கொண்டிருந்த அம்மா போத்தலைப் பார்த்து, “குடுத்து வச்சவ” என்றாள்.

முதல் ஈட்டுக் குஞ்சுகள் பிழைக்கவில்லை. அவித்த முட்டையின் மஞ்சளைக் கரைத்து ஊற்றினார் மாமா. பேசின் நாறியது, குஞ்சுகள் நான்காம் நாளே அடியில் படிந்துவிட்டன. முதலாளியிடம் போய்க் கேட்டதற்கு, அதன் வாய்க்கு முட்டைத் துணுக்கே பெரிது, கண்ணுக்குத் தெரியாத தீனி வேண்டும் என்றாராம். மாமா ஒரு சட்டியில் தண்ணீர் ஊற்றி, கோவா என்கிற முட்டைக்கோஸ் இலையைக் கிள்ளிப் போட்டு வெயிலில் வைத்தார். சில நாட்களில் அது வெள்ளையாகக் கலங்கியது. அதற்குள் கோடிக்கணக்கில் பூச்சி இருக்கிறது என்று சத்தியம் பண்ணினார். நாங்கள் நாற்றத்தை மட்டும் கண்டோம். ஆறு காம்பராவுக்கு அப்பால் இருந்தவர்களும் கண்டார்கள்.

அதற்குள் இரண்டாம் ஈட்டுக் குஞ்சுகள் பொரிந்துவிட்டன. தூசியைவிடக் கொஞ்சம் பெரியவை. மூன்று நாள் நுரையில் வாலைத் தொங்கப் போட்டுக்கொண்டு கிடந்தன. நான்காம் நாள் காலை தாமாகவே நீந்தத் தொடங்கின. மாமா சிரித்துக்கொண்டே எழுந்த நாள் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். இனித்தான் தீனி, இன்று சாய்ந்தரம் தகப்பனையும் பிரித்துவிட்டால் தீர்ந்தது என்றார். மாத முடிவுக்கு இன்னும் பத்து நாள் இருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் மலையில் தண்ணீர்க் கான் வெட்ட ஆள் போதவில்லை என்று கங்காணி வந்து கூப்பிட்டார். மறுக்கிற நிலையில் மாமா இல்லை. பள்ளிக்கூடம் லீவு என்பதால் வீட்டில் இருந்தது நான் மட்டும்தான். மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றபடி, கோவாத் தண்ணீர்ச் சட்டியின் பக்கம் மோவாயைக் காட்டிச் சொன்னார்:

“பாப்பா, பத்து மணிச் சங்கு ஊதுனதும் புள்ளைகளுக்குப் பால் குடுத்துரு. அந்த அகப்பையால ஒரே ஒரு தடவ. கூடிருச்சுன்னா ஆகாது.”

சட்டித் தண்ணீருக்குப் பால் என்ற பெயரை அவர் அன்று காலையில்தான் வைத்திருந்தார், அதுவும் மனதுக்குள். எனக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தெரிந்த பத்து மணிப் பால் ஒன்றே ஒன்று. தாய்மார் கொழுந்தெடுக்கப் போகும்போது கைப்பிள்ளைகளைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டுப் போவார்கள். என் தம்பியும் அங்கேதான் தொட்டிலில் கிடந்தான். பத்து மணிக்குத் தேயிலை அரைக்கிற ஸ்டோரில் சங்கு ஊதியதும் பிள்ளைக்காரிகள் மலையிலிருந்து ஓடி வந்து, பிள்ளையை மடியில் போட்டுப் பால் கொடுத்துவிட்டு, மறுபடி ஓடுவார்கள்.

சங்கு ஊதியது. போத்தலுக்குள் அம்மா மீன் கண்ணாடியில் மூக்கை முட்டிக்கொண்டு நின்றது. அதுவும் கேட்டிருக்கும் என்று நினைத்தேன். அகப்பையை விட்டு அள்ளினேன். முதல் தடவையிலேயே தண்ணீரோடு வந்துவிட்டது. ஒரே ஒரு தடவை என்று மாமா சொன்ன கணக்கும் சரியாக இருந்தது.

பேசினுக்குள் விட்டதும் அது குஞ்சுகளிடம்தான் நேராகப் போனது. வாயைத் திறந்து திறந்து மூடியது. முத்தம் கொடுக்கிறது என்று நினைத்து எனக்கு ஆனந்தமாக இருந்தது. அப்பா மீன் செட்டையை விரித்துக்கொண்டு பாய்ந்து வந்தது. பால் குடிக்கிற நேரத்தில் பிள்ளையைப் பார்த்தால் கண் பட்டுவிடும் என்று அம்மா எப்போதும் முந்தானையால் மூடிக்கொள்வாள். அது ஞாபகம் வந்து, என் அப்பா தலை துவட்டுகிற துவாயை எடுத்துப் பேசின் மேல் போர்த்திவிட்டேன். யாரும் வந்து பார்த்துவிடாதபடி வாசற்படியில் காவலும் இருந்தேன். உள்ளே தண்ணீர் சளக் சளக் என்றது.

மாமா பகல் சாப்பாட்டுக்கு வந்து துவாயை எடுத்தார். நுரைக்கூடு இல்லை. குஞ்சு ஒன்றுகூட இல்லை. பெண் மீன் செட்டை கிழிந்து ஒரு பக்கமாக மிதந்தது. ஆண் மட்டும் ஓரத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றது. மாமா குனிந்து பேசினைப் பார்த்துவிட்டு, என்ன செய்தாய் என்று கேட்டார். செய்ததைச் சொன்னேன்.

“சங்கு ஊதுனதுமே விட்டியா?”

“ஆமா மாமா. ஊதுனதுமே.”

“ஒரு தடவதான?”

“ஒரே தடவதான் மாமா.”

அவர் அப்படியே சேற்றுக் காலோடு தரையில் உட்கார்ந்துவிட்டார். சாய்ந்தரம் விஷயம் தெரிந்து அம்மா என்னை அடிக்கக் கையை ஓங்கியபோது, “விடுக்கா. நான் சொன்னதத்தான் செஞ்சிருக்கு” என்று குறுக்கே வந்தார். அம்மா ஓங்கிய கையால் தன் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மாமா ஆண் மீனைப் போத்தலில் எடுத்துக்கொண்டு பதுளைக்குப் போனார். நான் அழுததால் என்னையும் கூட்டிப்போனார். முதலாளி போத்தலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

“பொண்ணு எங்க?”

“மூடிய நான்தான் சரியா வைக்கல, முதலாளி. துள்ளிப் பேசினுக்குள்ள விழுந்துருச்சு. எல்லாம் போச்சு.”

மாமா தப்பாகச் சொல்கிறாரே என்று எனக்குப் பொறுக்கவில்லை. திருத்துவதற்காக வாயைத் திறந்தேன். அவர் என் கையை இறுக்கிப் பிடித்தார். வலித்தது. முதலாளி கோபப்படவில்லை. அடுத்த பெண் மீன் கொழும்பிலிருந்து வர இரண்டு மாதம் செல்லும், அப்போது வந்து பாருங்கள் என்றார். எனக்கு ஒரு டொபி கொடுத்தார். நாங்கள் பஸ்ஸில் திரும்பி வந்தோம். வழி நெடுக டொபி கரைந்துவிடாமல் சப்புவதிலேயே நான் கவனமாக இருந்தேன்.

வீட்டில் அம்மா மாமாவின் முகத்தைப் பார்த்தாள். “ரெண்டு மாசம் செல்லுமாம்” என்றார் அவர். கங்காணியின் தவணையில் ஒரு வாரம்கூட மிச்சமில்லை.

அந்த மாதக் கடைசி நாள் காலை, மாமா அப்பாவின் பழைய கம்பளியைப் போட்டுக்கொண்டு பெரட்டுக்களத்துக்குப் போனார். வேலைக்கு ஆள் பிரிக்கிற அந்த இடத்துக்கு நானும் பின்னாலேயே ஓடினேன். கணக்கப்பிள்ளை பேரைக் கேட்டு எழுதிக்கொண்டார். ஒரு கவ்வாத்துக் கத்தியை எடுத்து நீட்டினார். மாமா அதை வாங்கி, பதம் பார்ப்பதுபோல் கட்டைவிரலை விளிம்பில் வைத்துக்கொண்டு நின்றார்.

அவர் பதுளைக்குப் போய்விடுவார் என்பதுதான் அத்தனை நாளும் எனக்கு இருந்த ஒரே பயம். மீன் விஷயத்தில் எனக்கு வருத்தம் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அது ஒரு வாரத்தில் ஆறிவிட்டது. இப்போது எனக்குத் தலைகால் புரியவில்லை. பெரட்டில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி, “எங்க மாமா போகல! இனிமே எப்பவும் இங்கதான்!” என்று கத்திக் கைதட்டினேன்.

எல்லோரும் சிரித்தார்கள். மாமாவும் என்னைப் பார்த்துச் சிரித்தார். மனிதருக்கு என்ன சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டு நான் இன்னும் பலமாகக் கைதட்டினேன்.