அப்பாவின் இலை

பள்ளிக்கூட கேன்டீனில் நான் கொஞ்சம் கெட்ட பேர் எடுத்தவள். சமைத்து நான்கு மணி நேரம் ஆன கறியை யார் கெஞ்சினாலும் வைத்திருக்க மாட்டேன், கொட்டிவிடுவேன். கையுறை போடாமல் யாராவது கரண்டியைத் தொட்டால் என் வாய் சும்மா இருக்காது. சமையல் சுகாதார வகுப்புக்குப் போய், டைஃபாய்டு ஊசி போட்டு, சான்றிதழைச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறேன். இவ்வளவும் தெரிந்த நான்தான் என் அம்மாவுக்கு அந்த இலையைக் கொடுத்தேன்.

கிள்ளானில் எங்கள் வீட்டில் தீபாவளிக்கு முதல் நாள் அப்பாவுக்குப் படையல். அவருக்குப் பிடித்த மட்டன் பெரட்டல், இறால் சம்பல், அவித்த முட்டை, ஒரு போத்தல் ஸ்டவுட் பீர். படைக்கும்வரை யாரும் எதையும் வாயில் வைக்கக்கூடாது. சமைப்பவள் உப்புகூடப் பார்க்கக்கூடாது. படத்தின் முன் இலை போட்டு, மூத்த மகன் சூடம் காட்டியதும், சாமி அறைக் கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே நிற்போம். அப்பா வந்து சாப்பிட்டுப் போக நாங்கள் கொடுக்கும் நேரம் அது.

அந்த வருடம் அம்மாவுக்குக் கீமோ நடந்துகொண்டிருந்தது. எதைக் கொடுத்தாலும் இரும்பு வாடை அடிக்கிறது என்று தள்ளிவிடுவாள். வளையல்கள் முழங்கைவரை ஏறி இறங்கின. "சாப்பிடாத ஒடம்புக்குக் கிருமியோட சண்ட போடத் தெம்பு இருக்காது அக்கா, எப்படியாவது சாப்பிட வைங்க" என்றார் டாக்டர். அப்போதே சமைத்ததைச் சூடாக மட்டும் கொடுங்கள் என்றும் சொன்னார். இரண்டையும் நன்றாகத்தான் கேட்டுக்கொண்டேன்.

காலை ஒன்பதுக்குள் சமையல் முடிந்தது. பூச்சோங்கிலிருந்து கிளம்பிவிட்டதாக அண்ணன் சொன்னதை நம்பி பத்தரைக்கு இலை போட்டேன். பிறகு போன் வந்தது. "முன்னால ஒரு லோரி கவுந்து கெடக்கு, ஜேம் லா. நான் வராம ஆரம்பிச்சிராதீங்க." போட்ட இலையை எடுக்கவும் முடியாது, அவர் இல்லாமல் சூடம் காட்டவும் முடியாது. விளக்கு அணைந்துவிடும் என்று மின்விசிறியையும் நிறுத்தியிருந்தோம். அந்தப் புழுக்கத்தில் சோறும் இறாலும் காத்துக்கிடந்தன. அண்ணன் வந்து சேர்ந்தபோது மணி மூன்றைத் தாண்டிவிட்டது.

கதவைத் திறந்ததும் அம்மா மெதுவாக நடந்து வந்தாள். "உங்கப்பா எலைய எனக்குக் குடும்மா. பசிக்குது."

பசிக்குது என்று அவள் சொல்லி எத்தனை வாரம் ஆகியிருந்தது. சூடு பண்ணித் தருகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். படைத்ததை மறுபடி அடுப்பில் ஏற்றும் பழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. அதைவிட, சூடு பண்ணி வருவதற்குள் அந்தப் பசி போய்விடுமோ என்று பயந்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டேன். இறாலை ஒன்று விடாமல் தின்று விரலைச் சூப்பினாள். நான் சமையலறைக்குப் போய் சந்தோஷத்தில் அழுதேன்.

அந்த இலையில் மிஞ்சியதைச் சாப்பிட்ட எனக்கும் அண்ணனுக்கும் மறுநாள் காலை வயிற்றைக் கலக்கியது. "அப்பா நம்மள கக்கூஸ்ல உக்கார வச்சிட்டாரு" என்று அண்ணன் சிரிக்கும்போதுதான் அம்மா இன்னும் எழுந்திருக்கவில்லை என்பது உறைத்தது. உடம்பு கொதித்தது. ஆஸ்பத்திரியில், கிருமி குடலிலிருந்து ரத்தத்தில் இறங்கிவிட்டது என்றார்கள். எங்களுக்கு இரண்டு தடவை கழிப்பறைக்குப் போனதோடு முடிந்த ஒன்றைத் தாங்க அவள் உடம்பில் எதுவும் மிச்சமில்லை. தன் கையைத் துடைத்துவிட்ட நர்ஸிடம், "எம்மக வயிறு நெறைய சோறு போட்டா" என்று பெருமையாகச் சொன்னாள். தீபாவளிப் பலகாரம் தீருமுன் போய்விட்டாள்.

"அந்தச் சாப்பாடுதான்னு உறுதியா சொல்ல முடியாது" என்றார் டாக்டர். அண்ணன் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்குகிறார். என்னால் முடியவில்லை.

இந்த வருடம் இரண்டு இலை. அண்ணன் விடியற்காலையிலேயே வந்துவிட்டார். "அம்மாவுக்கு எறால் வைம்மா. கடைசியா அதத்தான் ஆசையா சாப்ட்டாங்க" என்றார். வைத்தேன். சட்டியிலிருந்து ஆவி பறக்க அள்ளி வைத்தேன். சூடம் காட்டிக் கதவைச் சாத்தினோம். பிள்ளைகளைச் சத்தம் போடாதீர்கள் என்று அண்ணன் அடக்கினார். எல்லோரும் கண்ணை மூடிக் கும்பிட்டு அப்பாவையும் அம்மாவையும் கூப்பிட்டார்கள்.

காற்று நுழைய வழியில்லாத அந்த அறைக்குள் இலை அசையும் சத்தம் எனக்கு மட்டும் கேட்டது. அம்மா, வராதே, சாப்பிடாதே என்று நான் வேண்டிக்கொண்டு நின்றேன்.