இலவசக் காலணி

பொதுக்கொள்கை முதுகலைக்கு எந்தக் கல்லூரி நல்லது என்று கேட்பவர்கள், வளாகம் எப்படி, வேலை கிடைக்குமா என்றுதான் விசாரிக்கிறார்கள். எனக்கு எரிச்சல் வரும். நான் படித்த இடத்தில் ஒரு விதி இருந்தது: யாரைப் பற்றி அறிக்கை எழுதினோமோ, அவர்களிடம் வாசித்துக் காட்டிய பிறகுதான் மதிப்பெண்.

நாங்கள் நாலு பேர் விருதுநகரை அடுத்த ஆமத்தூர்ப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையைப் பற்றி எழுதினோம். தொழிலாளர்கள் வெறுங்காலோடு வேலை செய்கிறார்கள், அரசு இலவசக் காலணி தரவேண்டும் என்பது முதல் பரிந்துரை. அந்த வரியை எழுதியது விருதுநகரிலேயே பிறந்து வளர்ந்த நான்.

சாப்பாட்டு நேரத்தில் மரத்தடியில் வாசித்தேன். திரி வைக்கும் அக்கா ஒருவர் சிரித்துவிட்டார்.

"செருப்புல ஒட்டுன மண்ணு மருந்துல உரசுனா தீப்பிடிச்சிரும் தம்பி. அதான் வாசல்லயே கழட்டிப் போட்டுட்டு உள்ள போறோம். நாலு நாளா வந்தீக, ஒருத்தர்கூடவா பாக்கல?"

அப்போதுதான் பார்த்தேன். அங்கே உட்கார்ந்திருந்த எல்லோர் பக்கத்திலும் செருப்பு கிடந்தது.

அந்த நாலு நாளும் போர்மேன் சொன்னார் என்று எங்கள் ஷூவையும் அதே வாசலில்தான் கழற்றி வைத்திருந்தோம். ஏன் என்று அவரிடம்கூடக் கேட்கவில்லை.